செருப்பு போட்டுக்கொண்டால் ஷாக் அடிக்காதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வீட்டுக் குறிப்புகள் பகுதியில், குளிர்காலத்துக்கென்று சில யோசனைகள் வந்திருந்தன. உதட்டு வெடிப்புக்கு நெய், கம்பளிக்கு வேப்பிலை, அதெல்லாம் சரி. நடுவில் கட்டம் கட்டி ஒரு குறிப்பு. ஹீட்டர் ராடு போட்ட வாளியில் தண்ணீர் சூடாகிவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால், காலில் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, அல்லது மரப்பலகை மேல் நின்றுகொண்டு, விரலை வைத்துப் பார்க்கலாமாம். ரப்பரும் மரமும் மின்சாரத்தைக் கடத்தாதாம். வாளியும் பிளாஸ்டிக்காக இருந்துவிட்டால் முழுப் பாதுகாப்பாம்.

நான் நாகப்பட்டினத்தில் வயர்மேன். ஐ.டி.ஐ. முடித்த நாளிலிருந்து வேறு தொழில் தெரியாது. அந்தக் குறிப்பை அனுப்பிய வாசகர் மேல் எனக்குக் கோபமில்லை. பள்ளிக்கூடத்தில் கடத்தி, கடத்தாப்பொருள் என்று இரண்டு பட்டியல் எழுதச் சொன்னார்கள் இல்லையா, அதை நம்பி எழுதியிருக்கிறார். ஆனால் இதே யோசனையை ஒரு வீட்டில் யாராவது வாயால் சொன்னால் நான் நின்று மறுத்துப் பேசிவிடலாம். பேப்பரில் வந்ததை எப்படி மறுப்பது? "பேப்பர்லயே போட்டிருக்கானே" என்று அடுத்த வாரமே ஒரு வீட்டில் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், ராடு பற்றியும் எர்த் பற்றியும் உள்ள பகுதிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலில், அந்தக் குறிப்பு சொல்கிற காரியத்துக்கே விரல் உதவாது. ராடை வாளியின் விளிம்பில் மாட்டுகிறோம். அதன் சுருள் அடியைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்கும். தண்ணீர் சூட்டைக் கடத்துவதில் மகா மந்தம். சூடேறிய தண்ணீர் லேசாகி மேலே போவதால்தான் வாளி சூடாகிறது. ஆகவே சுருளுக்கு மேலே இருக்கும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது, சுருளுக்குக் கீழே இருப்பது குழாயிலிருந்து பிடித்தபடி சில்லென்றே இருக்கும். விரல் நுனியை விட்டுப் பார்ப்பவருக்கு மேல்தண்ணீரின் சேதி மட்டும்தான் கிடைக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ராடை எடுத்து வைத்துவிட்டு, சொம்பால் ஒரு கலக்கு கலக்கினால்தான் வாளியின் உண்மையான சூடு தெரியும்.

விரலே தேவையில்லை, கடிகாரம் போதும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்கு ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4200 ஜூல். பெருக்கினால் 12 லட்சத்து 60 ஆயிரம் ஜூல் வருகிறது. 1500 வாட் ராடு என்றால் நொடிக்கு 1500 ஜூல் தருகிறது. வகுத்துப் பாருங்கள், 14 நிமிடம். காற்றில் போகிற சூட்டையும் சேர்த்து கால் மணி நேரம் வைத்துக்கொண்டால் குளிக்கத் தோதான சூடு வந்துவிடும். செல்போனில் அலாரம் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம்.

சரி, அந்த ராடுக்குள் என்னதான் இருக்கிறது? கெட்டுப்போன ராடை ஆக்சா பிளேடால் குறுக்கே அறுத்துப் பார்த்தால் தெரியும். வெளியே மெல்லிய செம்புக் குழாய், மேலே பளபளப்புக்கு நிக்கல் முலாம். நட்ட நடுவில் ஸ்பிரிங் மாதிரிச் சுருட்டிய நிக்ரோம் கம்பி. இரண்டுக்கும் நடுவே கெட்டியாக அடைத்த வெள்ளைப் பவுடர். நிக்ரோம் என்பது பெரும்பங்கு நிக்கலும் ஐந்தில் ஒரு பங்கு குரோமியமும் சேர்ந்த கலவை. 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். செம்பைவிட 60 மடங்குக்கு மேல் மின்தடை இதற்கு. அதனால்தான் சுவரிலிருந்து வரும் செம்பு வயர் குளிர்ந்திருக்க, அதே கரண்ட் ஓடும் இந்தக் கம்பி மட்டும் சிவக்கிறது. மேலே படியும் குரோமிய ஆக்சைடு அதை எரிந்துபோகாமல் காக்கிறது.

எனக்கு ஆச்சரியம் அந்தப் பவுடர்தான். மக்னீசியம் ஆக்சைடு. கம்பியின் சூட்டைக் குழாய்க்கு விட வேண்டும், கரண்ட்டை மட்டும் விடவே கூடாது. உலோகம் எதனாலும் இப்படி ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்க முடியாது. வெள்ளி, செம்பு, தங்கம், அலுமினியம் என்று சூட்டைக் கடத்துவதில் ஒரு வரிசை போட்டால், மின்சாரத்தைக் கடத்துவதிலும் அச்சு அசலாக அதே வரிசைதான். இந்த ஒற்றுமையை 1853இலேயே வீடமான், ஃபிரான்ஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் அளந்து சொல்லிவிட்டார்கள். காரணம் பின்னால் தெரிந்தது. உலோகத்தில் இரண்டையும் சுமந்துகொண்டு ஓடுவது அதே எலெக்ட்ரான்கள். மக்னீசியம் ஆக்சைடு மாதிரிப் பொருட்களில் ஓடித் திரிய எலெக்ட்ரான் கிடையாது. அணுக்கள் அதிர்ந்து அதிர்ந்து சூட்டை மட்டும் பக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. இஸ்திரிப் பெட்டியைப் பிரித்தால் பழைய மாடல்களில் கம்பியைச் சுற்றி அப்பிரகத் தகடு இருக்கும். அதுவும் இதே வேலைக்குத்தான்.

ஆனால் இந்தப் பவுடருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, ஈரத்தை உறிஞ்சும். ராடின் இரண்டு முனையிலும் போட்டிருக்கும் அடைப்பு சரியில்லை என்றாலோ, குழாயில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலோ, உள்ளே ஈரம் ஏறும். போன தை மாதம் பரணில் தூக்கிப் போட்ட ராடை இந்த மார்கழியில் எடுத்து, காப்புத் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்தால், மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டிய முள் பல சமயம் கீழே படுத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அதன் முனையில் இறங்கியிருக்கிறது. எங்கள் ஊர் போர் தண்ணீர் வேறு உப்பு. ராடில் வெள்ளை வெள்ளையாக ஓடு கட்டும். அந்த ஓடு சூட்டை வெளியே விடாது. உள்ளே கம்பி அளவுக்கு மேல் காய்ந்து, குழாய் விரிந்து, ஒருநாள் பிளந்துகொள்ளும். பிளந்த பிறகும் ராடு வேலை செய்யும் என்பதுதான் ஆபத்து. தண்ணீர் வழக்கம்போலக் கொதிக்கும். ஃபேஸ், அதாவது கரண்ட் வரும் லைன், மட்டும் தண்ணீரில் கலந்திருக்கும்.

சுத்தமான காய்ச்சி வடித்த தண்ணீர் கரண்ட்டை ஏறக்குறையக் கடத்தாது. அதில் கரைந்திருக்கும் உப்புதான் கடத்துகிறது. நாகப்பட்டினத்து போர் தண்ணீரில் உப்புக்குப் பஞ்சமில்லை.

இப்போது அந்தப் பிளாஸ்டிக் வாளிக்கு வருகிறேன். ராடு பிளந்து தண்ணீரில் 230 வோல்ட் இருக்கிறது. ராடுக்கு எர்த் இல்லை, வாளியும் பிளாஸ்டிக், ஆகவே கரண்ட் தரைக்குப் போக வழியில்லை. எந்த மீட்டரும் கூடுதலாக ஓடாது, எந்த ஃபியூஸும் போகாது, பாதுகாப்புக் கருவி போட்டிருந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு ஆள் வந்து கையை விடும்வரை எல்லாம் அமைதியாக இருக்கும். வந்து கையை விட்டதும் அவர்தான் வழி. காப்புப் பொருள் கரண்ட்டை ஒழித்துக்கட்டுவதில்லை, நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். இதற்காகத் தகர வாளி நல்லது என்று சொல்லவில்லை. எர்த் இல்லாத ராடைத் தகர வாளியில் போட்டால் வாளியே ஷாக் அடிக்கும். எந்த வாளியாக இருந்தாலும், ராடின் செம்புக் குழாய் மூன்றாவது பின் வழியாக எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். அப்படி இருந்தால் கசிகிற கரண்ட் தண்ணீரில் நிற்காமல் அங்கேயே திரும்பி மண்ணுக்குப் போகும்.

அந்த மூன்றாவது பின் மற்ற இரண்டைவிடக் கொஞ்சம் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீளத்துக்குக் காரணம், பிளக்கைச் செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும். அதைத்தான் நம் ஜனங்கள் டூ-பின் அடாப்டரில் செருகி அநாதையாகத் தொங்கவிடுகிறார்கள். ஒரு வீட்டில் ராடின் எர்த் பின்னை ரம்பம் வைத்து அறுத்தே விட்டிருந்தார்கள். ஏன் என்றால், பெட்ரூம் சாக்கெட்டில் நுழையவில்லையாம்.

அடுத்தது செருப்பு. ரப்பர் நல்ல காப்புப் பொருள்தான், உலர்ந்திருக்கும்வரை. குளியலறையில் செருப்பு உலர்ந்தா இருக்கிறது? மேலும் கீழும் ஓரத்திலும் சோப்புத் தண்ணீர் படலமாக ஒட்டியிருக்கும், பாதமும் ஈரம். கரண்ட் ரப்பருக்குள் புகவே தேவையில்லை, அந்தப் படலத்தின் மேலேயே இறங்கிவிடும். ஈரமான உடம்பின் தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று கணக்கில் எடுப்போம். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயம் தாறுமாறாகத் துடித்து நிற்க இதில் ஒரு பகுதியே போதும். செருப்பு பாக்கெட் பிரிக்காத புதுசாகவே இருக்கட்டும், இடது கை எங்கே? பெரும்பாலும் குழாயைப் பிடித்திருக்கும், இல்லாவிட்டால் ஈரச் சுவரில் ஊன்றியிருக்கும். அப்போது வழி கையிலிருந்து நெஞ்சு, நெஞ்சிலிருந்து மறு கை. செருப்பு இதைத் தடுக்காது, இதுவும் உயிருக்கு ஆபத்துதான்.

மரமும் அப்படியே. 1729இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே என்பவர் ஒரு நீளமான கயிற்றின் வழியாக மின்சாரத்தை அனுப்பிப் பார்த்தார். கயிற்றைப் பட்டு நூல்களில் தொங்கவிட்டிருந்தவரை சரியாகப் போனது. பாரம் தாங்காமல் பட்டு அறுந்ததும், அந்த இடத்தில் மெல்லிய பித்தளைக் கம்பியைப் போட்டார்கள். மின்சாரம் மறு முனைக்கு வந்து சேரவில்லை, பித்தளை வழியாகத் தரைக்கு இறங்கிவிட்டது. நாம் பள்ளியில் போடுகிற இரண்டு பட்டியலின் தொடக்கம் அதுதான். ஆனால் கிரேயின் பட்டு உலர்ந்த பட்டு. நம் குளியலறைப் பலகையோ பல வருஷமாகத் தண்ணீர் குடித்து, அடியில் பாசி பிடித்துக் கிடக்கிறது. ஈரம் ஏறிய மரம் காப்பு இல்லை. பழைய ஓட்டு வீடுகளில் இன்னும் தேக்கு மர சுவிட்ச் போர்டுகள் இருக்கின்றன. கார்த்திகை மாதத்து அடைமழையில் போர்டின் வெறும் மரத்தில் டெஸ்டரை வைத்தால் உள்ளே இருக்கும் நியான் மினுக்கென்று எரியும். நியான் எரிய மிகச் சொற்ப கரண்ட் போதும், அதனால் அது எரிந்ததற்காக வீட்டைக் காலி செய்ய வேண்டாம். கடத்தாது என்று நாம் சத்தியம் செய்கிற மரம் அன்றைக்குக் கடத்துகிறது என்று தெரிந்துகொண்டால் சரி.

சுவரும் கடத்தும். உப்பு மணல் கலந்து கட்டிய சுவர் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 2004 சுனாமியில் கடல் தண்ணீர் நின்ற வீடுகளில், தண்ணீர் வடிந்து, வெயில் காய்ந்து, வெள்ளையடித்து எல்லாம் முடிந்த பிறகும் மழைக்காலம் வந்தால் சுவரில் ஷாக் அடிக்கிறது என்று கூப்பிடுவார்கள். சுவருக்குள் பதித்த வயரில் எங்கோ ஒரு பழைய ஜாயின்ட், அதற்கு மேலே உப்பு ஊறிய பூச்சு. வெயில் காலத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இருக்காது.

நீலாயதாட்சி அம்மன் கோயில் பக்கம் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். "தம்பி, குழாயைத் தொட்டா சுள்ளுங்குது, குளிக்கவே பயமா இருக்கு" என்று அந்த வீட்டு அம்மா சொன்னார். பாத்ரூம் குழாய் மட்டுமில்லை, சமையலறைக் குழாயும் அப்படியே. மாடியில் கெய்சர் இருந்தது. அதை அணைத்ததும் குழாய்கள் சாதுவாகிவிட்டன. கெய்சரின் ராடு கசிகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. கசிந்தால் எர்த் வழியாகப் போக வேண்டியதுதானே, குழாய்க்கு எப்படி வந்தது? எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். முன்பு யாரோ அதைக் கொண்டுபோய் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாயில் கிளாம்ப் போட்டு முடித்திருந்தார்கள். பழைய வீடுகளில் இது சகஜம். இரும்புக் குழாய் மண்ணுக்குள் நீண்ட தூரம் ஓடுகிறது, ஆகவே அதுவே எர்த். அந்தக் காலத்தில் நன்றாகவே வேலை செய்தது.

இடையில் அந்த வீட்டில் மண்ணுக்குள் ஓடிய குழாய் துருப்பிடித்து ஓட்டையாகி, பிளம்பர் வந்து அந்தப் பகுதியை மட்டும் பி.வி.சி. ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். தண்ணீர் நன்றாக வந்தது, பிளம்பர் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, அவர் பார்க்க வந்தது தண்ணீர். ஆனால் சுவருக்குள் இருந்த இரும்புக் குழாய் அன்றோடு மண்ணிடமிருந்து துண்டிக்கப்பட்டுவிட்டது. அதிலிருந்து பிரிந்த குழாய்களெல்லாம் உலோகக் குழாய்கள். ஷாக்கிலிருந்து காக்க வேண்டிய எர்த் வயர், கெய்சரில் கசிந்த ஃபேஸை வீட்டின் எல்லாக் குழாய்க்கும் சுமந்துகொண்டு போய்ச் சேர்த்துக்கொண்டிருந்தது. 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் அந்த எர்த்துக்கும் நடுவே கொடுத்துப் பார்த்தேன், இழைகூடச் சிவக்கவில்லை. கிளாம்பைக் கழற்றி, கொல்லையில் புதிதாகக் குழி போட்டு எர்த் எடுத்து, கெய்சர் ராடையும் மாற்றிய பிறகு அதே பல்பு நின்று எரிந்தது.

இந்தப் பல்பு சோதனையை நீங்களே செய்து பார்க்காதீர்கள், வயர்மேனிடம் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. பல்பு எரிகிறதா என்று கேட்பதோடு, எப்படி எரிகிறது என்றும் பாருங்கள். 100 வாட் பல்பின் தடை எரியும்போது 529 ஓம். எர்த்தின் தடை 5 ஓம் என்றால் பல்பு முழு வெளிச்சம் தரும். அழுது வடிந்தால் எர்த் பேருக்குத்தான் இருக்கிறது என்று பொருள். ராடோ கெய்சரோ வாங்குகிற வீடுகளில் குழாயை எப்போது, யார், எதற்கு மாற்றினார்கள் என்று நான் முதலில் கேட்பது இந்தக் காரணத்தால்தான். கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் ஏராளமான வீடுகளில் குழாய் வேலை புதிதாக நடந்தது, எர்த்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

எர்த் குழி பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. குழாயை இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போடுவது வழக்கம். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும், உப்பு அந்த ஈரத்தைக் கடத்தவைக்கும். எங்கள் கடலோர மண்ணில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் எர்த் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் அதே உப்பு குழாயைத் தின்றுவிடும், சில வருஷத்துக்கு ஒருமுறை தோண்டிப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் என் மைத்துனர் வீட்டில் கதை தலைகீழ். செம்பாறை மண், குழாய் துருப்பிடிக்காது, ஆனால் சித்திரை வெயிலில் குழி எலும்பாகக் காய்ந்துவிடும். கோடையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். ஊற்றுகிறாரா என்பது சந்தேகம்.

எர்த்துக்குப் போகும் கம்பியிலும் சிக்கனம் பார்க்கிறார்கள். கம்பி என்றால் எல்லாம் கம்பிதானே என்று கட்டுக்கம்பியைச் சுற்றிவிட்ட வீடுகளையும் பார்த்திருக்கிறேன். உலோகம் எல்லாம் ஒன்றில்லை. இரும்பின் மின்தடை செம்பைப்போல ஆறு மடங்கு. அதனால்தான் ஜி.ஐ. என்றால் எட்டாம் நம்பர் கம்பி மாதிரித் தடிமனாகப் போடச் சொல்கிறோம். எவர்சில்வர் இன்னும் மோசம், மின்சாரத்தில் செம்பைவிட 40 மடங்கு தடை, சூட்டைக் கடத்துவதில் 25 மடங்கு மந்தம். என் மனைவி எவர்சில்வர் பாத்திரத்தில் பால் வைத்தால், தீக்கு நேர் மேலே மட்டும் வட்டமாக அடிப்பிடிக்கிறது என்று அலுத்துக்கொள்வார். சூடு பக்கவாட்டில் பரவ வழியில்லாமல் அங்கேயே நிற்கிறது. அடியில் செம்பு பூசிய பாத்திரம் வாங்கிக் கொடுத்தேன், பூச்சு காகிதம் கனம்தான் இருந்தது, பெரிய வித்தியாசமில்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். எர்த் சரியாக இருந்தால் போதாதா? போதாது. ராடு முழுசாகப் பிளந்து ஃபேஸ் நேராக எர்த்தைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எர்த்தின் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி., அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச், கொஞ்ச நேரத்தில் விழும். 50 ஓம் என்றால் 4.6 ஆம்பியர்தான். எம்.சி.பி.யைப் பொறுத்தவரை அது ஒரு சின்ன ஹீட்டர் ஓடுகிற மாதிரி, விழவே விழாது. கெய்சரின் உடம்பில் வோல்டேஜ் அப்படியே நிற்கும். எம்.சி.பி. காப்பது வயரை. ஆளைக் காக்க ஆர்.சி.சி.பி. வேண்டும். ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று அது ஒரு இரும்பு வளையத்தின் உதவியோடு பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளுக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர். போனதற்கும் வந்ததற்கும் அவ்வளவு வித்தியாசம் வந்தாலே நொடியில் சிறு பகுதிக்குள் லைனை வெட்டிவிடும்.

அதற்கும் ஒரு கண்கட்டு உண்டு. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்துக்கொண்டு, காலில் உலர்ந்த ரப்பர் செருப்போடு நின்றால், போகிற கரண்ட் முழுக்க உங்கள் நெஞ்சு வழியாகத் திரும்பி வந்துவிடும். ஆர்.சி.சி.பி.க்குக் கணக்கு சரியாக இருக்கும், விழாது. செருப்பு போட்டிருந்ததால்தான் அது விழவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

மழைக்காலத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி, "ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது, எடுத்துவிட்டு டைரக்டா கொடுத்துடுங்க" என்பதுதான். ஈரம் எங்கோ இறங்கியிருக்கிறது, அது சொல்கிறது, சொல்கிறவன் வாயைக் கட்டச் சொல்கிறார்கள். நான் மாட்டேன் என்றால் தெருமுனையில் வேறு ஆள் கிடைப்பார். வாடகை வீடு என்றால் இன்னும் கஷ்டம். ஓனர் செலவு செய்ய மாட்டார், குடியிருப்பவருக்குப் போர்டைத் திறக்க உரிமையில்லை. ஒரு சாதாரண கெய்சர் விலையில் பாதிகூட வராது ஒரு ஆர்.சி.சி.பி. பாத்ரூம் டைல்ஸுக்குச் செலவழிக்கும்போது யாரும் இவ்வளவு யோசிப்பதில்லை.

பிளக் பற்றி ஒரே விஷயம் சொல்லி நிறுத்துகிறேன். 1500 வாட் ராடு ஆறரை ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்டுக்குள் பின்னைப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்து, அந்த இடத்தில் வெறும் அரை ஓம் தடை உண்டானால்கூட அங்கே 21 வாட் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயத்தை உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதைச் சாக்கெட்டுக்குள் செருகி வைத்த மாதிரிதான். ராடைப் பிடுங்கும்போது பிளக் சூடாக இருந்தால், அல்லது பின் அடியில் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், சாக்கெட்டை மாற்றிவிடுங்கள். ராடுக்குப் பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்தான் சரி.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அதே ஞாயிறு இணைப்பில், அதே இடத்தில், அதே அளவு கட்டம் கட்டி, அந்தக் குறிப்பு தவறு என்று போடுங்கள். உள்ளே எங்கோ நாலு வரியில் திருத்தம் போட்டால் அதைப் படித்தவர் கண்ணில் இது படாது. கட்டத்துக்குள் இவ்வளவு எழுதினால் போதும்: ராடு தண்ணீரில் இருக்கும்போது, பிளக் சாக்கெட்டில் இருக்கும்போது, எந்தக் காரணத்துக்காகவும், எந்தச் செருப்போடும், தண்ணீரைத் தொடக் கூடாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும். ஏனென்றால் பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரலை வெட்டிக்கொண்டு, ஃபேஸை அப்படியே விட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பரணிலிருந்து எடுத்த ராடை மெகர் வைத்துப் பார்க்காமல் போடக் கூடாது. ஓடு கட்டிய ராடு, முனை உடைந்த ராடு, மூன்றாவது பின் இல்லாத ராடு மூன்றும் காயலான் கடைக்கு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் ராடே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், அதை நீங்கள் போடாவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம், ஆர்.சி.சி.பி. வைத்திருக்கும் வாசகர்கள் இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு எழுந்து போய், அதில் 'டி' என்று போட்டிருக்கும் சின்ன பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே ஒரு வயர்மேனைக் கூப்பிடுங்கள். வீட்டில் யாராவது கம்ப்யூட்டரில் வேலையாக இருந்தால் முதலில் சொல்லிவிட்டு அழுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு வயர்மேன்,
வெளிப்பாளையம், நாகப்பட்டினம்.